பள்ளியில் பொறியியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு என்ன பயிற்சி, என்ன வாய்ப்பு?

வேலூர்_இயற்பியல் எழுதியது:

வணக்கம். அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே ஒன்றை வடிவமைத்து, செய்து, சோதித்து, திருத்துகிற மாதிரி வேலை கொடுக்க விரும்புகிறேன். இப்போது செய்முறை வகுப்பில் நடப்பது புத்தகத்தில் உள்ள விடையைத் திரும்ப வரவழைப்பதுதான். அதில் அறிவியல் இருக்கலாம், பொறியியல் இல்லை.

தெரிய வேண்டியவை: இதற்கென்று ஆசிரியருக்கு உருப்படியான பயிற்சி எங்கே கிடைக்கிறது? அடல் டிங்கரிங் ஆய்வகம் (ஏ.டி.எல்., பிள்ளைகள் கருவிகளை வைத்துத் தாங்களே செய்து பார்க்க மத்திய அரசு நிதி தரும் பள்ளி ஆய்வகம்) வந்தால் பொறுப்பாசிரியருக்கு உண்மையில் என்ன வேலை, அதனால் பணியில் என்ன பலன்? ஆய்வகமே இல்லாத பள்ளியில் எதிலிருந்து தொடங்குவது? இந்தத் திறமையை வைத்து வெளியே பயிற்சி கொடுத்துச் சம்பளம் வாங்க விதி இடம் கொடுக்கிறதா?

பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம். பொருள், அளவு, நடைமுறை, எங்கே சிக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்பேனர் எழுதியது:

டிங்கரிங் ஆய்வகம் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நிதி ஆயோக்கின் கீழ் 2016-ல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம்தான் இதை நடத்துகிறது. 6 முதல் 12 வரை படிக்கிற பிள்ளைகளுக்கானது. தேர்வாகும் பள்ளிக்கு மொத்தம் 20 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் கருவிகள் வாங்கி ஆய்வகம் அமைக்க, மீதி 10 லட்சம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு நடத்துகிற செலவுக்கு. சமவெளிப் பள்ளிக்கு 1,500 சதுர அடி இடம் கேட்பார்கள், மலைப்பகுதி, தீவுகளுக்கு 1,000 போதும். நாடு முழுக்கச் சுமார் 10,000 பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில், அடுத்த ஐந்து ஆண்டில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 அமைப்பதாக அறிவித்தார்கள். அறிவிப்பில் இருப்பது அரசுப் பள்ளி. உங்களுடையது உதவிபெறும் பள்ளி என்பதால் விண்ணப்ப அழைப்பு வந்ததும் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள்.

கருவிகள் நான்கு தொகுப்பாக வரும்: எலெக்ட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ், சென்சார் ஒன்று, 3டி பிரிண்டர் சார்ந்தது ஒன்று, சுத்தியல், ட்ரில், மல்டிமீட்டர் போன்ற இயந்திர, மின், அளவைக் கருவிகள் ஒன்று, மின்வழங்கியும் பாதுகாப்புச் சாதனங்களும் ஒன்று. முதல் தொகுப்பைப் பார்த்து எல்லோரும் மயங்குவார்கள். மூன்றாவதுதான் தினமும் கைக்கு வரும்.

இனி பொறுப்பாசிரியர் வேலை. இதற்கென்று தனிப் பணியிடமோ கூடுதல் சம்பளமோ கிடையாது. உங்கள் பாடவேளைகளோடு சேர்த்துத்தான். பாதி வேலை கணக்கு. பணம் வருகிற தனி வங்கிக் கணக்கு, பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் நிதித் தளத்தில் பதிவு, ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் பொருள் வாங்குவது, இருப்புப் பதிவேடு, ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கையெழுத்தோடு செலவு அறிக்கை, படிவம் 12-ஏ-வில் பயன்பாட்டுச் சான்று. சான்று போகாவிட்டால் அடுத்த தவணை வராது. பல ஆய்வகங்கள் முதல் தவணையோடு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான், பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லாததல்ல. இன்னொரு சிக்கல் வட்டி. கணக்கில் சேருகிற வட்டி பள்ளியின் பணம் அல்ல, மத்திய அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டியது. அதையும் சேர்த்துச் செலவழித்துவிட்டுப் பிறகு தணிக்கையில் விழிப்பார்கள்.

தலைமையாசிரியரிடம் தொடக்கத்திலேயே மூன்று விஷயம் பேசி எழுத்தில் வாங்குங்கள்: வாரத்துக்கு ஆய்வகத்துக்கான பாடவேளை கால அட்டவணையில் இருக்க வேண்டும், பொறுப்பு இரண்டு ஆசிரியர் பெயரில் இருக்க வேண்டும், கணக்கு வேலையை அலுவலகப் பணியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். ஒரே ஆசிரியர் பெயரில் இருந்து அவர் மாறுதலில் போனால், சாவி பீரோவுக்குப் போகும், பொருட்கள் தூசி பிடிக்கும். திரும்ப வருகிறவருக்கு என்ன எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

தீர்ந்துபோகும் பொருட்களுக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். ஜம்பர் வயர், பேட்டரி, பிளாஸ்டிக் பற்சக்கரம் வைத்த சின்ன சர்வோ மோட்டார், ஃபிலமென்ட் (3டி பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை), இந்த நான்கும் எப்போதும் பற்றாக்குறைதான். கடலோர ஊர் என்றால் பி.எல்.ஏ. ஃபிலமென்ட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அச்சடிக்கும்போது நூல் நூலாகத் தொங்கும், படபடவென்று சத்தம் வரும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பிரிண்டர் ஓடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஓரம் கிளம்பிக்கொள்ளும்.

பலன் என்று கேட்டீர்கள். பதவி உயர்வுக்கு நேரடி மதிப்பெண் கிடையாது. ஆனால் ஆசிரியர் பயிற்சிகள், வெளியிலிருந்து தன்னார்வமாக வரும் வழிகாட்டிப் பொறியாளர்கள், பிள்ளைகளை ஏ.டி.எல். மாரத்தான் போன்ற போட்டிகளுக்கு அனுப்பும் வாய்ப்பு எல்லாம் இந்தப் பொறுப்பு வழியாகத்தான் வரும். நன்றாக நடத்துகிறவரை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் கருத்தாளராக, அதாவது மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவராகக் கூப்பிடும். அங்கிருந்து மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கையேடு எழுதும் குழு வரை போக வழி இருக்கிறது. என் பார்வையில் ஒரு பள்ளி ஆசிரியர் வேலையை விடாமல் இந்தத் துறையில் வளர அதுதான் நேரான பாதை.

செங்கல்_சூளை எழுதியது:

ஆய்வகம் இல்லாமல் தொடங்குவது பற்றி. தாளிலிருந்து தொடங்குங்கள். ஆர்டுயினோவிலிருந்து (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) தொடங்கினால் பிள்ளைகள் நிரலை நகலெடுத்து விளக்கு எரிந்ததும் கைதட்டுவார்கள், அதில் வடிவமைப்பு முடிவு எதையும் அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள். தாள் பாலத்தில் ஒவ்வொரு மடிப்பும் அவர்கள் முடிவு.

நான்கு பேர் கொண்ட குழு. குழுவுக்கு 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் 10, ஒட்டும் டேப் 50 செ.மீ., அவ்வளவுதான். இரண்டு மேசைக்கு நடுவே 30 செ.மீ. இடைவெளி. மேசையில் ஒட்டக் கூடாது, மேலே உட்கார மட்டும்தான் செய்யலாம். 40 பேர் வகுப்பு என்றால் 10 குழு, இரண்டு சுற்று, 200 தாள். அரை ரீம் போதும்.

அளவுகளுக்குக் காரணம் உண்டு. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. நேராகச் சுருட்டினால் இடைவெளியை எட்டாது, இணைப்புப் போட்டே ஆக வேண்டும். இணைப்புத்தான் முதலில் பிய்யும் இடம். கொஞ்சம் யோசிக்கிற குழு தாளைக் குறுக்கு மூலையிலிருந்து சுருட்டும். மூலைவிட்டம் சுமார் 36.4 செ.மீ., இரு பக்கமும் 3 செ.மீ. மேசையில் உட்காரும், இணைப்பே தேவையில்லை. ஆனால் அப்படிச் சுருட்டிய குழாயின் முனைகளில் ஒன்றிரண்டு அடுக்குத்தான் இருக்கும், நடுவில்தான் அடுக்கு அதிகம். அதனால் பாரம் ஏறும்போது மேசை விளிம்பில் முனை நசுங்கும். ஒரு குறையைத் தீர்த்தால் இன்னொன்று வருகிறது. பொறியியலைப் பிள்ளைகள் கையால் தொட்டு உணருகிற இடம் இதுதான். பித்தகோரஸ் கணக்கும் கூடவே வருகிறது.

இன்னொரு வசதி, தராசு தேவையில்லை. ஏ4-ன் பரப்பு 0.0624 சதுர மீட்டர், அதை 80-ஆல் பெருக்கினால் ஒரு தாள் 5 கிராம். 10 தாள் 50 கிராம். 2 கிலோ தாங்கினால் பாரம்-எடை விகிதம் 40 என்று அவர்களே போடுவார்கள். (டேப்பின் எடையை விட்டுவிடலாம், எல்லாக் குழுவுக்கும் ஒன்றுதான்.)

பாரம் ஏற்றும் விதத்தில்தான் அதிகம் தவறு நடக்கும். சணலை நேராகப் பாலத்தில் கட்டித் தொங்கவிட்டால் அது தாளை அறுக்கும், சோதித்தது பாலத்தை அல்ல, சணலை. நடுவில் 5 செ.மீ. அகல அட்டைத் துண்டு வைத்து அதன்மேல் கட்டுங்கள். கீழே வாளி. 100 மில்லி தண்ணீர் என்றால் 100 கிராம். ஒவ்வொரு 100-க்கும் பத்து விநாடி நிறுத்துங்கள், தாள் மெதுவாகத் தளரும், உடனே அடுத்ததை ஊற்றினால் அதிகம் தாங்கியது போலத் தெரியும். வாளியின் அடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். மிகத் தாழ்வாக இருந்தால் பாலம் தொய்ந்ததும் வாளி தரையில் உட்கார்ந்துவிடும், பாரம் ஏறாது. உயரமாக இருந்தால் விழும்போது வகுப்பே நனையும். மேசைகள் நகராமல் இருக்கக் கீழே செங்கல் முட்டுக் கொடுங்கள், பாரம் ஏறும்போது மேசை நகர்ந்து இடைவெளி மாறும்.

பசை கொடுக்க வேண்டாம். மைதாப் பசை ஈரம் காய ஒரு இரவு வேண்டும், அதற்குள் சோதித்தால் தாள் தொளதொளத்துவிடும். டேப்பை 50 செ.மீ.க்கு மேல் கொடுத்தால் பாலம் முழுக்க டேப் சுற்றிக் கொண்டுவருவார்கள். மழைக்காலத்தில் தாள் ஈரப்பதம் ஏறித் தளரும், இரண்டு சுற்றையும் ஒரே வாரத்தில் முடியுங்கள். இல்லாவிட்டால் திருத்தியதால் கூடியதா, வெயில் அடித்ததால் கூடியதா என்று பிரிக்க முடியாது.

40 நிமிடப் பாடவேளை ஆறு போதும். நிபந்தனை, வரைபடம், செய்தல், சோதனை, திருத்தம், மறுசோதனை. 10 குழுவுக்கு ஒரே சோதனை மேசை என்றால் நேரம் பற்றாது, இரண்டு வையுங்கள். மதிப்பெண் 10 என்றால் முதல் வரைபடத்துக்கு 2, சோதனை அட்டவணைக்கு 3, எது முதலில் உடைந்தது, ஏன், அதற்கு என்ன மாற்றினோம் என்ற விளக்கத்துக்கு 4. தாங்கிய பாரத்துக்கு 1 மட்டும். பாரத்துக்கு அதிக மதிப்பெண் கொடுத்தால் இரண்டாம் சுற்றில் எல்லாக் குழுவும் ஜெயித்த குழுவின் பாலத்தையே கட்டும்.

இதை உங்கள் தொழில் வாய்ப்போடு சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஆறு பாடவேளையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியவை: ஒரு குழுவின் முதல் வரைபடமும் திருத்திய வரைபடமும், சோதனை அட்டவணை, உடைந்த பாலத்தின் கிட்டப் படம், மூன்று நிமிடக் காணொளி. பயிற்சிக்கு விண்ணப்பித்தாலும், விருதுக்கு விண்ணப்பித்தாலும், தனியார் பள்ளியில் நேர்முகத்துக்குப் போனாலும், கேட்கப்போவது இதைத்தான். சான்றிதழ் நூறு பேரிடம் இருக்கும். உடைந்த பாலத்தையும் அது ஏன் உடைந்தது என்று பிள்ளை எழுதிய தாளையும் காட்டுகிறவர் சிலர்தான்.

வேலூர்_இயற்பியல் எழுதியது:

செங்கல்_சூளை சார், மூலையிலிருந்து சுருட்டும் விஷயம் அருமை. அடுத்த மாதமே போட்டுப் பார்க்கிறேன். பயிற்சிகள் பற்றி யாராவது சொல்லுங்கள். எதற்குப் பணியில் உள்ளவருக்கு விடுப்புக் கிடைக்கும் என்பதும் தெரிய வேண்டும்.

கொங்கு_கணிதம் எழுதியது:

எனக்குத் தெரிந்தவற்றை மதிப்புக்கு ஏற்பச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியதில் முதலாவது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் புத்தாக்கப் பிரிவும் ஏ.ஐ.சி.டி.இ.யும் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2021 ஜூலையில் தொடங்கிய பள்ளிப் புத்தாக்கத் தூதர் பயிற்சி. 72 மணி நேரம், 50,000 ஆசிரியர்களை இலக்காக வைத்து அறிவித்தது. வடிவமைப்புச் சிந்தனை, யோசனையை வளர்த்தெடுப்பது, அறிவுசார் சொத்துரிமை, முன்மாதிரி செய்வது எல்லாம் உண்டு. இதில் அறிவுசார் சொத்துரிமைப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். பிள்ளையின் யோசனையை முகநூலிலும் கண்காட்சியிலும் முதலிலேயே வெளியிட்டுவிட்டால் பிறகு காப்புரிமை கோருவது சிக்கலாகிவிடும். பள்ளி ஆசிரியர் பலருக்கு இது தெரியாது.

இரண்டாவது என்.பி.டெல்., ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையவழிப் பாடங்கள். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். 25 மதிப்பெண் வாராந்தரப் பயிற்சிக்கு, 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. பயிற்சியில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 வேண்டும். முதல் இரண்டு வாரம் தவறவிட்டவர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எல்லா வாரமும் கணக்கில் சேராது, சிறந்தவை மட்டும்தான் எடுப்பார்கள், அதனால் தொடருங்கள். 12 வாரப் பாடம் வேலைக்கு நடுவில் கடினம், 4 அல்லது 8 வாரப் பாடத்தில் தொடங்குங்கள்.

ஆர்டுயினோ கைவர வேண்டும் என்றால் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகள். பத்து நிமிடத் துண்டுகளாக இருக்கும், பக்கத்தில் திறந்து வைத்து நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். பல தொடர்களுக்குத் தமிழ் ஒலி உண்டு. பலகை கையில் இல்லாவிட்டால் டிங்கர்கேட் என்ற இணையதளத்தில் உலாவியிலேயே சுற்று வரைந்து ஓட்டலாம். ஆசிரியர் கணக்கில் வகுப்பு உருவாக்கிக் குறியீடு கொடுத்தால் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் தேவையில்லை.

நேரில் போவதில் முதலிடம், கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் இந்திய அறிவியல் கழகம் நடத்தும் திறன் மேம்பாட்டு மையம். தங்கிப் படிக்கும் பயிற்சி, முழுக்கச் செய்முறை. அது பொறியியல் பயிற்சி என்று சொல்ல முடியாது, ஆனால் கருவியைத் தானே அமைத்து அளக்கும் பழக்கம் அங்கே வரும், இயற்பியல் ஆசிரியருக்கு அதுவே அடித்தளம். குறைந்த செலவில் கையால் செய்யும் மாதிரிகளுக்கு ஐ.ஐ.டி. காந்திநகரின் படைப்புக் கற்றல் மையம். அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது பொம்மை அல்ல, ஒரு பொம்மையை வைத்து எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பது.

தமிழ்நாட்டுக்குள், தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தில் வழிகாட்டி ஆசிரியராகப் பதிவு செய்யுங்கள். பயிற்சி இணையத்தில்தான். கூடவே பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருது. ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனை அனுப்பலாம், தேர்வானால் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும், பிறகு மாவட்ட, மாநில, தேசியக் கண்காட்சி. தள்ளுபடியாவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்: சூரிய அடுப்பு, காற்றாலை என்று இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அனுப்புவது, பிள்ளையின் வங்கிக் கணக்கு விவரம் பொருந்தாமல் போவது. தாத்தாவுக்குப் படியேற உதவுகிற கைத்தடி என்பது மாதிரி, யாருக்கு, என்ன தொல்லை, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தொடங்குகிற யோசனைகளுக்குத்தான் மதிப்பு.

விடுப்பு: நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், தேதி, பயணச் செலவு யார் தருகிறார்கள் என்ற விவரம், உங்கள் பாடவேளைகளை யார் பார்ப்பார்கள் என்ற மாற்று ஏற்பாடு, இந்த நான்கையும் ஒரே விண்ணப்பத்தில் வைத்துத் தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். உங்களுக்குப் பள்ளிச் செயலரின் ஒப்புதலும் வேண்டும். மாற்று ஏற்பாடு எழுதாத விண்ணப்பம்தான் மேசையில் தங்கும். அரசு நிறுவனம் நடத்தும் பயிற்சிக்கு மற்றுப்பணி (ஆன் டியூட்டி) கிடைக்கும், தனியார் நிறுவனம் என்றால் தற்செயல் விடுப்பில்தான் போக வேண்டியிருக்கும். திருப்புதல் தேர்வு மாதங்களில் கேட்காதீர்கள்.

ஈசிஇ_பட்டதாரி எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் பி.இ. மின்னணுத் தொடர்பியல். ஆசிரியர் அல்ல. பள்ளியில் ரோபாட்டிக்ஸ் பயிற்றுநராகச் சேர ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. சேரலாமா? அல்லது பி.எட். படித்து முறையாக ஆசிரியராவது நல்லதா?

ஸ்பேனர் எழுதியது:

தம்பி, இரண்டும் வேறு வேறு வேலை.

நிறுவனப் பயிற்றுநர் வேலையில் நீங்கள் பள்ளியின் ஊழியர் அல்ல. நிறுவனம் பள்ளியோடு ஆண்டு ஒப்பந்தம் போடும், உங்களை ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கு அனுப்பும். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: ஏப்ரல், மே சம்பளம் உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, பள்ளிகளுக்கு இடையே பயணச் செலவு யாருடையது, கருவி உடைந்தால் உங்களிடம் பிடிப்பார்களா, நீங்கள் எழுதும் பாடத்திட்டம் யாருக்குச் சொந்தம், விலகினால் அதே பள்ளியில் சேரத் தடை இருக்கிறதா. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வகுப்பில் 40 பேருக்கு எத்தனை கிட் என்றும் கேளுங்கள். நான்கு பேருக்கு ஒன்று இல்லாவிட்டால் அது செய்து காட்டும் வகுப்பு, சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அல்ல.

பி.எட். பக்கம்: என்.சி.டி.இ.யின் (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) 2014 விதிப்படி, அறிவியல், கணிதம் சார்ந்த பொறியியல் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் பி.எட். சேரலாம். பி.இ. முடித்து பி.எட். படித்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி 6 முதல் 8 வகுப்புக்குக் கணித ஆசிரியராகலாம் என்று தமிழக அரசு 2019-ல் அரசாணை வெளியிட்டது. ஆனால் முதுகலை ஆசிரியர் பணியிடத்துக்கு அந்தப் பாடத்திலேயே முதுகலைப் பட்டம் வேண்டும், பி.இ.யை வைத்து இயற்பியலுக்குப் போக முடியாது. சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளிகளில் வேறு வழி உண்டு: 9, 10-ல் செயற்கை நுண்ணறிவு (பாடக் குறியீடு 417), 11, 12-ல் அதே பாடம் (843), வடிவமைப்புச் சிந்தனையும் புத்தாக்கமும் (848) என்று திறன் பாடங்கள் இருக்கின்றன. 417-ல் பாதி மதிப்பெண் செய்முறைக்கும் செயல்திட்டத்துக்கும். பொறியியல் படித்து வகுப்பறையும் கைவந்தவரை இந்தப் பாடங்களுக்குத் தேடுகிறார்கள். தவிர, சி.பி.எஸ்.இ. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும் என்பதால், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

உடனே வகுப்பறை அனுபவம் வேண்டும் என்றால் வானவில் மன்றத்தையும் பாருங்கள். 2022 நவம்பரில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம், 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புக்கு. 710 கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல், கணிதச் செய்முறை நடத்த வேண்டும் என்ற அமைப்பு. நிரந்தரப் பணி அல்ல, தொகை குறைவு. ஆனால் முப்பது பிள்ளைகளை நாற்பது நிமிடம் கையில் வைத்திருக்க அங்கே பழகலாம். என் கருத்து: ஓர் ஆண்டு அப்படி வேலை பார்த்துவிட்டு, வகுப்பு பிடித்திருந்தால் பி.எட். போங்கள்.

வேலூர்_இயற்பியல், வெளி வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசு ஆசிரியருக்கு 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். முன் அனுமதி இல்லாமல் ஊதியத்துக்கு வெளி வேலை பார்க்கக் கூடாது. உதவிபெறும் பள்ளியிலும் செயலரின் எழுத்து அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். அரசு நிறுவனம் கருத்தாளராக அழைத்துத் தரும் மதிப்பூதியத்துக்கு அழைப்பாணையே ஆதாரம், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தனியார் ரோபாட்டிக்ஸ் மையத்தில் வகுப்பு எடுப்பது ஆபத்து.

வேலூர்_இயற்பியல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. தாளுக்கு அடுத்து மின்னணுவில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வேலை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்டும் கருவி என்று நினைத்திருக்கிறேன். பள்ளியில் தினமும் தொட்டி நிரம்பி வழிகிறது, பிள்ளைகளே பார்க்கிற பிரச்சினை. மீயொலி சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது) வைத்துச் செய்தால் சரியாக வருமா?

ஈயப்பற்று எழுதியது:

நல்ல தேர்வு. யாருக்காகச் செய்கிறோம் என்பது தெளிவாக இருக்கிறது, இன்ஸ்பயருக்கும் அப்படியே எழுதலாம்.

குழுவுக்கு ஆர்டுயினோ ஊனோ ஒன்று, எச்.சி.எஸ்.ஆர்.04 சென்சார் ஒன்று, எல்.இ.டி. மூன்று, 220 ஓம் மின்தடை மூன்று, 5 வோல்ட் பஸர் ஒன்று, பிரெட்போர்டு, ஜம்பர் வயர். முதலில் வகுப்பில் பிளாஸ்டிக் வாளியில் செய்யுங்கள். மலிவான ஊனோ பலகைகளில் சி.எச்.340 சிப் இருக்கும். அதற்கான டிரைவரை நிறுவ ஆய்வகக் கணினியின் நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். முதல் நாளே வாங்கி நிறுவி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாடவேளை போய்விடும்.

வாளியிலேயே முதல் சிக்கல் வரும். சென்சாரின் ஒலி கூம்பாக விரியும். ஓரத்தில் வைத்தால் வாளிச் சுவரில் பட்டுத் திரும்பி, தண்ணீர் ஏறினாலும் எண் மாறாது. நடுவில், செங்குத்தாக வையுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் எதிரொலி வேறு பக்கம் போகும். அலையடிக்கும்போது எண் குதிக்கும், ஐந்து முறை அளந்து நடு மதிப்பை எடுக்கச் சொல்லுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தப்பான அளவே எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

இரண்டாவது இயற்பியல். இணையத்தில் கிடைக்கும் நிரல் எல்லாவற்றிலும் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும், அது 20 டிகிரிக்கு. வேலூர் வெயிலில் 35 டிகிரிக்குச் சுமார் 352. ஒரு மீட்டர் தூரத்தை 97 செ.மீ. என்று காட்டும். இதைச் சொல்லிவிடாதீர்கள். அளவுகோலோடு ஒப்பிட்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும். காரணத்தைத் தேடிக்கொண்டு உங்களிடம் வருவார்கள்.

தொட்டிக்குக் கொண்டுபோகும்போது இந்த சென்சார் தாங்காது, மூடிக்கு அடியில் நீராவி படிந்து கெட்டுப்போகும். நீர் புகாத ஜே.எஸ்.என்.எஸ்.ஆர்.04டி வகையை வாங்குங்கள். அதன் குறை, சுமார் 25 செ.மீ.க்குக் கிட்டே இருப்பதை அளக்காது. தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் தண்ணீர் அந்த எல்லைக்குள் வரும், அதாவது எச்சரிக்கை வேண்டிய நேரத்தில்தான் எண் தப்பாகும். மூடியில் ஓட்டை போட்டு, மேலே 30 செ.மீ. உயரத்துக்கு அகலமான பி.வி.சி. குழாய் நிறுத்தி, அதன் தலையில் சென்சாரை வையுங்கள். குழாய் ஒடுக்கமாக இருந்தால் அதன் உள்சுவரே எதிரொலிக்கும், அதனால் 4 அங்குலத்துக்குக் குறையாமல் எடுங்கள். ஓட்டை விளிம்பில் பிசிறு இல்லாமல் அரத்தால் தேயுங்கள், பிசிறும் எதிரொலிக்கும். தண்ணீர் கொட்டும் குழாய்க்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

சென்சாருக்குப் பணம் இல்லாவிட்டால் பி.சி.547 டிரான்சிஸ்டர், மின்தடை, பஸர், தண்ணீரில் தொங்கும் இரண்டு கம்பி போதும். தாமிரக் கம்பி போட்டால் நேர்மின்னோட்டத்தால் மின்னாற்பகுப்பு நடந்து சில வாரத்தில் பச்சை பிடித்து அரித்துவிடும், தண்ணீரிலும் கலக்கும். குடிநீர்த் தொட்டி என்றால் தாமிரம் வேண்டவே வேண்டாம், எவர்சில்வர் திருகாணி போடுங்கள்.

மோட்டாரைத் தானாக நிறுத்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடலாமா என்று பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். 230 வோல்ட் பக்கம் பிள்ளைகள் கை போகவே கூடாது, பஸரோடும் எல்.இ.டி.யோடும் நிறுத்துங்கள். தொட்டி மேலே ஏறிப் பொருத்துவதும் பள்ளியின் பிளம்பர் வேலை. பிள்ளைகள் கீழே நின்று, எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்று தாங்கள் வரைந்த படத்தை அவரிடம் கொடுக்கட்டும்.